கறுப்பு எண்ணெயும் கறை படாத இரண்டு தடங்களும்

மூன்றாம் அத்தியாயம்
இதில் ஒரு பக்திமானுக்குக் கோபம் வருகிறது

பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி வாயுவில் ஓடும் கரி பஸ் குளத்தூரைத் தாண்டி முதல் ஏற்றத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டது. கண்டக்டர் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ஆம்பளைங்கல்லாம் எறங்கித் தள்ளுங்க" என்றார். துப்பறியும் ரெங்கராஜ் இறங்கினார், ஆனால் தள்ளவில்லை. இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிட்டால் அவருக்கு யோசனை ஓடாது. அவருக்கும் சேர்த்துத் தள்ளியவன் உதவியாளன் சந்தனம். நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தவன். ராஜபார்ட் அழுகிற இடத்தில் சிரித்துத் தொலைத்ததால் வேலை போய், இவரிடம் வந்து ஒட்டிக்கொண்டவன்.

"பெட்ரோலை யுத்தத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அதுல மிஞ்சின கசடை மட்டும் நம்ம பக்கம் தள்ளிட்டாங்க. பங்கு பிரிச்ச நியாயத்தைப் பாத்தீங்களா சார்?" என்றான், பஸ்ஸில் முதுகை முட்டுக் கொடுத்தபடி.

"பேசாமத் தள்ளு. அந்தக் கசடுக்காகத்தான் போயிக்கிட்டிருக்கோம்."

சந்தனம் சொன்னதில் பொய் இல்லை. யுத்தத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் அவசரமாக எழுப்பிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இருந்தது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி, பெட்ரோல், மண்ணெண்ணெய் என்று உருப்படியானதையெல்லாம் வடித்துக்கொண்ட பிறகு அடியில் கறுப்பாக ஒரு வண்டல் தங்கும். ஜப்பான்காரன் குண்டு போட்டால் முதலில் பற்றிக்கொள்வது அந்த வண்டல்தான் என்று ஆலைத் துரைகளுக்குத் தூக்கம் போய்விட்டது. அதைப் பீப்பாய்களில் அடைத்து, உள்நாட்டில் ஆளில்லாத பொட்டலாகப் பார்த்துப் புதைத்துவிடத் தீர்மானித்தார்கள். வரைபடத்தில் கல்லுப்பொட்டல் என்ற ஊர் ஆளில்லாத பொட்டலாகத் தெரிந்தது. அங்கே ஜனங்கள் இருப்பதை வரைபடம் சொல்லவில்லை, துரைகளும் யாரையும் கேட்கவில்லை.

புதைக்கிற கண்டிராக்ட் அவ்வூர் அழகுமலைக்குக் கிடைத்தது. செம்பாறையில் ஆழமாகக் குழி வெட்டி, களிமண் பூசி, பீப்பாய்களை இறக்கி மூட வேண்டும் என்பது பேச்சு. புதுக்கோட்டை ஸ்டேஷனிலிருந்து பீப்பாய்களை ஏற்றி வந்தவன் வண்டிக்காரன் ஆண்டிச்சாமி. போன வாரம் ஒரு விடியற்காலையில் ஊர் ஜனங்கள் குடத்தோடு நல்லதண்ணி ஊருணிக்குப் போனார்கள். தண்ணீர்மேல் கறுப்பாக ஏடு படர்ந்திருந்தது. அடியில் பீப்பாய்கள் கிடந்தன. கரை ஓரமாக ஆண்டிச்சாமியின் வண்டித் தடம் இருந்தது. ஆண்டிச்சாமியைக் கட்டிப்போட அதற்கு மேல் யாரும் எதையும் தேடவில்லை.

அவன் மனைவி பொன்னுத்தாய் திருக்கோகர்ணம் வரை நடந்தே வந்து ரெங்கராஜ் வீட்டு வாசலில் நின்றாள். இப்போது மூச்சு வாங்குகிற இதே பஸ், சாயங்காலம் புதுக்கோட்டைக்குத் திரும்பும்போது ஆண்டிச்சாமியைக் கயிற்றோடு ஏற்றிக்கொண்டு போகும். குடிதண்ணீரில் விஷம் கலந்தவன் என்று ஒரு தடவை உள்ளே போனால், அவன் வெளியே வருவதை அவள் பார்ப்பாளா என்பதே சந்தேகம். பஸ் புறப்படுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஊருணிக்கரையில் போலீஸ் ஏட்டு சோலையப்பன் காத்திருந்தார். தொப்பையை ஒரு கையால் தடவிக்கொண்டே பேசும் வழக்கமுள்ளவர். பொன்னுத்தாய் கரைக்கு மேலே வரவில்லை. கீழே ஒரு எல்லைக்கல் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"மேல வாம்மா" என்றார் ரெங்கராஜ்.

"இந்தக் கல்லுக்கு மேல எங்க தெருக்காரங்க ஏறக் கூடாதுங்க. எங்களுக்கு அங்கிட்டு ஓடைக்குள்ள ஊத்து இருக்குங்க."

ஏட்டு உற்சாகமாகிவிட்டார். "அதேதாங்க கேசு! கரையில ஏற விடலைங்கிற கோவம். தனக்குக் கிடைக்காத தண்ணி ஊருக்கும் வேணாம்னு கொட்டிட்டான். கோவமும் அவன் கோவம், வண்டித் தடமும் அவன் தடம். எடது சக்கரத்துல இரும்புப் பட்டா ஒடஞ்சது இந்த ஊருலயே அவன் வண்டி ஒண்ணுதான். இன்னும் என்னங்க வேணும்?"

"அய்யா, அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் வண்டியைப் பாரத்தோட கண்டிராக்டரு கொட்டகையில விட்டுட்டு, மாட்டை மட்டுந்தான் ஓட்டிக்கிட்டு வந்தாரு. தெனமும் அப்புடித்தாங்க" என்றாள் பொன்னுத்தாய் கீழேயிருந்து.

"கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. திரும்பிப் போயிருப்பான்" என்று ஏட்டு அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

ரெங்கராஜ் கரையைச் சுற்றி வந்தார். சரிவில் ஓர் இடத்தில் ஒரு பீப்பாய் மூடி தெறித்திருக்க வேண்டும். செம்மண்மேல் கறுப்புக் கசடு பாய் விரித்த அகலத்துக்குச் சிதறிக் காய்ந்து கிடந்தது. அதற்கு நடுவில் இரண்டே இரண்டு இடத்தில் மண் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. இரண்டும் செருப்பின் வடிவம்.

"சார், எல்லாரும் கறை எங்க இருக்குன்னு தேடுவாங்க. நீங்க எங்க இல்லைன்னு தேடுறீங்க" என்றான் சந்தனம்.

"யோசிச்சுச் சொல்லு. இதென்ன?"

"கொட்டினவன் செருப்புக்காலோட நின்ன எடம்."

"ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு. அதோட, முனை எந்தப் பக்கம் பாக்குது?"

சந்தனம் குனிந்து பார்த்தான். முனைகள் ஊருணியைப் பார்க்கவில்லை; வெளியே, பாதையைப் பார்த்தன. தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பீப்பாய் உருட்டுகிறவன் எந்த ஊரிலும் இருக்க முடியாது.

"கழட்டி வச்சிருக்கான்!" என்று கத்தினான் சந்தனம். "கோயில் வாசல்ல விடுற மாதிரி, திரும்பி வந்ததும் மாட்டிக்கிட்டு நடக்கத் தோதா, முனையை வெளியே திருப்பி வச்சிருக்கான். கசடு தெறிச்சது செருப்பு மேல. அது மறைச்ச எடம் மட்டும் தப்பிச்சிருக்கு."

"நல்லதண்ணி ஊருணிக் கரையில செருப்போட ஏறக் கூடாதுங்கிறது இந்தப் பக்கத்து வழக்கம்."

"ஊரோட தொண்டையிலயே கசடைக் கொட்ட வந்தவன், மரியாதையாச் செருப்பைக் கழட்டிட்டா எறங்குவான்?"

"எறங்குவான். பால்குடி மறந்ததிலேருந்து பழகின காலு அது. மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடி கழட்டி வச்சிடும்."

ரெங்கராஜ் திரும்பி, "உன் புருஷனுக்குச் செருப்பு உண்டா?" என்று பொன்னுத்தாயைக் கேட்டார்.

அவள் சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "செருப்புப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள நடந்தா எங்களை விட்டுருவாங்களாங்க? எங்க தெருவுலயே ஒரு சோடி கெடையாது."

ஏட்டு எல்லாவற்றையும் பார்த்தார், கேட்டார், தொப்பையைத் தடவினார். "சுத்தமா இருக்குற எடத்தைக் காட்டி ஒருத்தனை விட முடியுங்களா? கறையைக் கொண்டாங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்து அவர்கள் போனது புதைகுழிக்கு. பொட்டலில் ஓர் இடத்தைச் சுற்றி முள்வேலி; நடுவில் மண்மேடு; மேட்டின்மேல் சுண்ணாம்பால் மண்டையோடு வரைந்த பலகை. மண்டையோடு கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தது. சந்தனம் ஒரு கடப்பாரையை இரவல் வாங்கி மேட்டைக் கிளறினான். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, கடப்பாரை 'டங்'கென்று பாறையில் முட்டியது. இன்னோர் இடத்தில் குத்தினான், அங்கேயும் பாறைதான். உலகம் உண்டான நாளிலிருந்து அந்தப் பாறையை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

"குழியே இல்லாத குழிக்கு வேலி போட்டு, காவலுக்குப் பிசாசையும் வச்சிருக்காரே! கெட்டிக்காரர்தான் சார்" என்றான் நெற்றியைத் துடைத்தபடி.

"செம்பாறையை வெட்டுறது லேசுப்பட்ட வேலையா? பணத்தை வாங்கிக்கிட்டு மண்ணைக் குவிச்சிட்டாரு. ஆலையிலேருந்து கசடைப் பத்தி விசாரிக்க ஒருத்தர் வரப்போறார்னு கேள்வி. கொட்டகையில பீப்பாய் நின்னா மாட்டிக்குவாரு. எங்கேயாவது மறைச்சாகணும். ராத்திரி ஆண்டிச்சாமி வண்டியிலயே தன் மாட்டைப் பூட்டி ஓட்டியிருப்பாரு."

"ஏன் ஊருணியில? ஊரைச் சுத்திக் குளமா இல்ல?"

"சித்திரை வெயில்ல எந்தக் குளத்துல தண்ணி இருக்கு? பீப்பாயை முழுகடிக்கிற ஆழம் அது ஒண்ணுலதான். மூடி நல்லா இருந்திருந்தா, அத்தனையும் அடியில கெடக்க, ஊரு அது மேலேயே தண்ணி மோந்து குடிச்சிருக்கும்."

சந்தனம் கடப்பாரையைக் கீழே வைத்தான். அவன் காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் குளத்தூர்ச் சாலையில் குடம் சுமந்து வருவதைப் பார்த்திருந்தான்.

கண்டிராக்டர் அழகுமலை வீட்டில் வரவேற்புக்குக் குறைவில்லை. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உத்திராட்சம், காலில் நடக்கும்போது கிறீச்சிடும் புத்தம்புதுச் செருப்பு. குடிக்கச் சோடா கொடுத்தார். கொட்டகையில் தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கசடில் மேலாக நின்ற நீர்த்த பாகத்தை அவர் வீணாக்கவில்லை. கறையானுக்கு மருந்து, கொசுவுக்கு மருந்து, மாட்டுச் சொறிக்கு மருந்து, வண்டி அச்சுக்குப் பசை என்று நாலு பெயர் வைத்துச் சந்தையில் விற்றிருக்கிறார். டப்பாவுக்குள் இருந்தது எல்லாம் ஒன்றே.

"மனுஷனுக்கு மருந்துன்னு மட்டும் விக்கலையேங்க" என்று பரிதாபப்பட்டான் சந்தனம்.

"அதுக்கு லைசென்ஸ் கேக்குறாங்க தம்பி" என்றார் அவர் சீரியசாக.

"குழியில பாறைதான் இருக்கு" என்றார் ரெங்கராஜ்.

"வெட்டத்தான் போனோம். அதுக்குள்ள அந்தப் பய திருடிக்கிட்டுப் போயி ஊருணியில கொட்டிட்டான். என் கசடைத் திருடினதுக்கே தனியா ஒரு கேசு போடலாம். போனாப் போறான், ஏழைன்னு விட்டிருக்கேன். ஊருணிக்குச் சாந்தி பூஜைகூட இன்னைக்கு என் செலவுலதான் நடக்குது, தெரியும்ல?"

"செருப்பு புதுசா இருக்கே?"

"பழசைத் திருக்கோகர்ணம் கோயில் வாசல்ல விட்டேன். எவனோ மாட்டிக்கிட்டுப் போயிட்டான். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

அவர் எழுந்தபோது ஒரு வாடை வந்தது. சந்தனம் மூக்கை உறிஞ்சினான். விளக்கேற்றவே மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர் இருட்டில் கிடக்கிற காலம். இந்த மனிதரின் பாதத்திலிருந்து மண்ணெண்ணெய் மணத்தது. காலில் ஒட்டிய கசடைக் கழுவ அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

"கால்ல சீமெண்ணெய் வாசம் வருதுங்களே?"

"வாதம் தம்பி. வைத்தியர் தேய்க்கச் சொன்னாரு."

"கொடுத்து வச்ச காலுங்க" என்றான் சந்தனம்.

வெளியே வந்ததும் அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எல்லாம் தெரியுது சார், எதையும் நிரூபிக்க முடியலை. செருப்பு கோயில்ல, கால் வாதத்துல, குழி ஆகாயத்துல. பஸ்ஸுக்குக் கரி போட ஆரம்பிச்சிருப்பான்."

"அந்த ஆளுக்குப் பொய் சொல்ல வெக்கம் இல்ல. திருட வெக்கம் இல்ல. எதுக்கு வெக்கப்படுவாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் ரெங்கராஜ். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஊருணியை நோக்கி நடந்தார்.

பூஜைக்கு ஊரே கூடியிருந்தது. எல்லோருடைய செருப்புகளும் கரைக்கு வெளியே கிடந்தன. பஸ்ஸுக்குக் கொண்டுபோகிற வழியில் ஆண்டிச்சாமியையும் அங்கே நிறுத்தியிருந்தார் ஏட்டு. கையில் கட்டிய கயிறு பக்கத்து வேப்பமரத்தில் முடிந்திருந்தது. பொன்னுத்தாய் எல்லைக்கல்லருகே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அழகுமலை கற்பூரத் தட்டைக் கையில் வாங்கிய நேரத்தில் ரெங்கராஜ் முன்னால் போனார்.

"பூஜைக்கு முன்னாடி ஒரு வார்த்தை. பீப்பாயைத் தள்ளினது ஆண்டிச்சாமி இல்ல. இந்தக் கண்டிராக்டர்."

கூட்டத்தில் சலசலப்பு. அழகுமலை கொஞ்சமும் கலங்காமல் புன்னகை செய்தார். "சொல்லட்டும், சொல்லட்டும். பட்டணத்துக்காரரு. சாட்சி இருக்கான்னு கேளுங்க."

"சாட்சி இல்ல. ஆனா தடம் இருக்கு. எல்லாரும் வந்து பாருங்க" என்று ரெங்கராஜ் அந்தச் சுத்தமான இரண்டு இடங்களையும் காட்டினார். "இது அவரு செருப்புக்காலோட நின்ன எடம். செருப்பைக்கூடக் கழட்டாம நல்லதண்ணிக் கரையில ஏறி, இங்க நின்னு, அதோட தண்ணிக்குள்ளயும் எறங்கியிருக்காரு."

சந்தனம் திடுக்கிட்டான். காலையில் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறாரே! வெயிலில் புத்தி பிசகிவிட்டதா?

கூட்டமோ கொதித்துவிட்டது. கசடு கொட்டினார் என்றபோது முணுமுணுத்தவர்கள், இப்போது கத்தினார்கள். "செருப்புக்காலோடயா?" என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். "சாமி தண்ணிய்யா அது!" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "செருப்போட எறங்குனவன் கையால பூஜையா?" என்று பூசாரி தட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

அழகுமலையின் முகம் சிவந்தது. உத்திராட்சம் ஆடியது. தொழில் முறையில் எத்தனையோ ஏச்சு வாங்கியவர்தான். ஆனால் இதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"எவன்யா சொன்னவன்? எங்க பரம்பரை என்ன, எங்க ஆசாரம் என்ன! நான் அறிவு கெட்டவனா? செருப்பை அந்த எடத்துல கழட்டி வச்சிட்டு, தண்ணியைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான்யா பீப்பாயை உருட்டுனேன்!"

கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது. அழகுமலை தான் சொன்னதை அப்போதுதான் கேட்டார் போலிருக்கிறது. வாயை மூடினார்; திறந்தார்; மறுபடி மூடினார்.

"கறை கேட்டீங்களே ஏட்டய்யா" என்றார் ரெங்கராஜ்.

ஏட்டு சோலையப்பன் முதல் தடவையாகத் தொப்பையிலிருந்து கையை எடுத்தார். வேப்பமரத்துக் கயிற்றை அவிழ்த்தார். ஆண்டிச்சாமி விடுபட்ட மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, தன்னை விட்டுவிட்டார்களா என்று புரியாமல் நின்றான். பொன்னுத்தாய் எல்லைக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

தலையில் அடித்துக்கொண்ட கிழவர், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாக, "எப்புடியோ, செருப்பைக் கழட்டியிருக்காருல்ல?" என்று ஆறுதல்பட்டுக்கொண்டார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். சந்தனம் நாடகக் கம்பெனியில் எத்தனையோ ஹாஸ்யம் பண்ணியிருக்கிறான். இப்படி ஒன்றை அவனால் எழுதியிருக்க முடியாது. ஆனாலும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்பலக்காரர் எழுந்து துண்டை உதறினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. மொதல்ல பீப்பாய்களை வெளிய எடுக்கணும். ஊருக்காரங்க யாரும் நல்லதண்ணியில கால் நனைக்கப்படாது. டேய் ஆண்டிச்சாமி, ஒனக்குத்தான் அது பழகின சாமான். எறங்கு. கூலி குடுத்துருவோம்."

ஆண்டிச்சாமி பிறந்ததிலிருந்து சொன்னதைச் செய்து பழகியவன். விட்டார்களே என்ற நன்றி வேறு. வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். பொன்னுத்தாய் கரைமேல் நின்றாள். அவள் எல்லைக்கல்லை எப்போது தாண்டினாள் என்று யாரும் கவனித்திருக்கவில்லை.

"இந்தக் கரையில கால் வச்சாருன்னு சொல்லித்தான் அவரைக் கயித்துல கட்டுனீங்க. இப்ப நீங்களே தண்ணிக்குள்ள எறங்கச் சொல்றீங்க. எறங்குவாருங்க, ஊருக்காக எறங்குவாரு" என்றாள். "ஆனா இன்னைக்கு எறங்குன காலு நாளைக்கும் எறங்கும். நாளைக்கு நானும் எறங்குவேன், கொடத்தோட. எங்க தெருவே எறங்கும். சம்மதம்னா சொல்லுங்க, நானே அவரு கூட எறங்கித் தள்ளிவிடுறேன்."

அம்பலக்காரர் தண்ணீரைப் பார்த்தார். அதன்மேல் கறுப்புப் படலத்தைப் பார்த்தார். வெறுங்குடத்தோடு நிற்கிற தன் வீட்டுப் பெண்களைப் பார்த்தார். ஊருக்குத் தாகம் பெரிதா, வழக்கம் பெரிதா என்று அவர் மனசில் நிறுத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. சாலையில் பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டான்.

கடைசியில் அம்பலக்காரர் அழகுமலையின் பக்கம் திரும்பினார்.

"கண்டிராக்டரே, வேட்டியை மடிச்சுக் கட்டுங்க" என்றார்.